ரேக்ளாவா, ரேஸ் காரா? கொங்கு விளையாட்டு வரலாற்றில் எதற்கு முதலிடம்

கொறங்காட்டான்:
நம்ம பக்கத்து விளையாட்டைப் பத்தி யார் எழுதினாலும் கோயமுத்தூர் கார் பந்தயத்துல ஆரம்பிச்சு அதுலயே முடிச்சர்றாங்க. நரேன் கார்த்திகேயன் 2005-ல பார்முலா ஒன் ஓட்டினது பெருமைதானுங்க. ஆனாலும் அது வசதியான வீட்டு ஆட்டம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா, அதான் மாட்டுவண்டிப் பந்தயம், நடக்கற அன்னிக்கு வந்து பாருங்க. 200 மீட்டர், 300 மீட்டர், ஒரு சோடி காளை, நொடிக்கணக்குல முடிவு. ஊரே வேலியோரம் நிக்கும். ரேக்ளாதான் முதல்ல வரணும்.

சிங்காநல்லூரான்:
வசதியான வீட்டு ஆட்டம்னு ஒரு வரியில தள்ளிறாதீங்க. கோயமுத்தூர் கார் பந்தயக்காரர் கரிவர்தன் மில் குடும்பத்துக்காரர்தான். வெளிநாட்டுக் கார் ஒண்ணை வாங்கி ஓட்டிட்டுப் போயிருக்கலாம். அவரு மாருதி 800 இன்ஜினை வெச்சு இங்கயே ரேஸ் கார் செஞ்சாரு. செலவு குறைஞ்சதாலதான் புதுப் பசங்க உள்ள வர முடிஞ்சுது. நரேனே அந்த பார்முலா மாருதியில ஓடிப் பழகினவர். 1995-ல சின்ன விமானம் விழுந்து கரிவர்தன் இறந்துட்டாரு. செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பேரைத்தான் வெச்சாங்க. லேத்தும் பட்டறையும் இல்லாத ஊர்ல இது நடக்குமாங்க?

கொறங்காட்டான்:
பட்டறை இருக்கட்டும். ரேக்ளா இல்லீன்னா நம்ம நாட்டு இனமான காங்கேயம் மாடே இருக்காது. 2014 மே மாசம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோட மாட்டுவண்டிப் பந்தயத்தையும் நிறுத்துச்சே, அப்ப பட்டியில கட்டியிருந்த காளையை என்ன பண்றதுன்னு தெரியாம நின்னவங்க நாங்க.

அரச்சலூர்க்காரி:
அண்ணா, மாடு குறைஞ்சது தீர்ப்புக்கு ரொம்ப முந்தி. 1930-கள்ல நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்டு வந்துச்சு. கெணத்துல மோட்டார் எறங்க எறங்க, கவலை ஓட்டித் தண்ணி எறைச்ச காளைக்கு வேலை போச்சு. அப்புறம் டிராக்டர், லாரி. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நின்ன மேய்ச்சல் நெலம், அந்தக் கொறங்காடு, வீட்டு சைட்டாயிருச்சு. இதையெல்லாம் விட்டுட்டுப் பந்தயம் மட்டுமே இனத்தைக் காப்பாத்துச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்? காளையைக் கெணத்து மேட்டுலேர்ந்து வெளிய அனுப்பின பம்பு மோட்டாரைச் செஞ்சதும் கோயமுத்தூர்ப் பட்டறைதான். ரேஸ் காரு வந்ததும் அங்கிருந்துதான். நீங்க ரெண்டு பேரும் ஒரே கதையோட ரெண்டு முனையைப் புடிச்சு இழுக்கறீங்க.

எனக்கு வேற கேள்வி இருக்கு. பரிசு சோடியோட சொந்தக்காரர் பேர்லதான் வாசிக்கறாங்க. வண்டியில நின்னு ஓட்டினவன், வருசம் பூரா தண்ணி காட்டி, சாணி அள்ளி வளர்த்த பண்ணையாளு, இவங்க பேரு எந்த நோட்டீசுல இருக்கு? ரேஸ் காருக்குக் கடைசல் புடிச்சவர் பேராவது உங்களுக்குத் தெரியுமா, சிங்காநல்லூராரே?

சிங்காநல்லூரான்:
தெரியாதுங்க. ஓட்டினவங்க பட்டியல்தான் எங்கயும் இருக்கு.

கொறங்காட்டான்:
பேர் போடோணும், அதுல எனக்கு மறுப்பில்லை அம்மிணி. மாட்டு விசயத்துல மட்டும் விடமாட்டேன். கிடாரிக் கன்னுன்னா பாலுக்காச்சும் ஆகும். காளைக் கன்னு? ஏர் இல்லை, கவலை இல்லை. பந்தயக்காரன் வந்து கேக்கறதாலதான் விலை. அந்த விலை இல்லீன்னா, நாலு பசு வெச்சிருக்கறவன் அடுத்த ஈத்துக்கு ஜெர்சி ஊசி போட்டுட்டுப் போயிருவான். 2023-ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஜல்லிக்கட்டை அனுமதிச்ச தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும்னு சொன்னப்ப நாங்க சந்தோசப்பட்டதுக்கு அதுதான் காரணம்.

அரச்சலூர்க்காரி:
விலை கிடைக்குது, சரி. அந்த விலைக்கு ஓட வைக்க வாலைத் திருகறதும் தார்க்குச்சியில குத்தறதும் நடக்குதே, அதையும் அதே வரலாற்றுல எழுதுவீங்களா?