ஸ்டெல்லேரியம் 0.22-லிருந்து புதுப் பதிப்புக்கு மாறலாமா? (பழைய லேப்டாப், ஏற்காட்டில் 8 இன்ச் டாப்சோனியன்)

அஸ்தம்பட்டி_டாப் கேட்டது:

வணக்கம். லேப்டாப் இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், இன்டெல் எச்டி 3000, விண்டோஸ் 10. இதில் ஸ்டெல்லேரியம் (வானத்தைத் திரையில் காட்டும் சாஃப்ட்வேர்) 0.22 ஒழுங்காக ஓடுகிறது. புதுப் பதிப்பைப் போட்டால் ஓபன்ஜிஎல் பிழை காட்டி நின்றுவிடுகிறது. மாறுவதால் உண்மையில் என்ன லாபம்? குவியத் தூரம் 1200 மி.மீ. உள்ள 8 இன்ச் டாப்சோனியன் தொலைநோக்கியில் தென்சிலுவை, அதன் பக்கத்து நகைப்பெட்டிக் கொத்து, ஒமேகா சென்டாரி கோளக்கொத்து பார்ப்பதுதான் நோக்கம். இன்னொரு சந்தேகம்: எல்லாமே சாஃப்ட்வேர் சொல்லும் நேரத்துக்கு ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் உச்சிக்கு வருகிறது. ஏன்?

கொண்டை_ஊசி_20:

பிழைக்குக் காரணம் கிராஃபிக்ஸ். எச்டி 3000 விண்டோஸில் ஓபன்ஜிஎல் (திரையில் படம் வரைய சாஃப்ட்வேர் பயன்படுத்தும் கிராஃபிக்ஸ் இடைமுகம்) 3.1 வரைதான் போகும். புதுப் பதிப்புகள் 3.3-ஐப் பரிந்துரைக்கின்றன. அதைவிடக் கீழே இருந்தாலும் திறக்கும், ஆனால் விண்டோஸ் 10-இல் இந்தச் சிப்புக்கு டிரைவர் சரியாக ஏறாவிட்டால் 1.1 மட்டும் கிடைக்கும், அப்போது திறக்கவே திறக்காது. இப்போது ஓடுகிற 0.22-இல் எஃப்1 அழுத்தி, லாக் பக்கத்தில் எந்த ஓபன்ஜிஎல் எண் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

விண்டோஸ் 7-க்கும் சேர்த்து க்யூடி5 (பழைய நிரல் நூலகம்) கொண்டு தொகுத்த நிறுவி தனியாக இருக்கிறது, அதைப் போடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ஆங்கிள் மோடு என்று ஒரு குறுக்குவழி வரும். அது ஓபன்ஜிஎல் வேலையை டைரக்ட்3டி (விண்டோஸின் சொந்த கிராஃபிக்ஸ் இடைமுகம்) வழியாகச் செய்யும், உங்கள் சிப்புக்கு அது ஒத்துவரும். மெசா மோடு வேண்டாம். முழுச் சுமையும் பிராசசர் மேல் விழுந்து திரை தவழும்.

லாபம் என்ன என்றால்: 2022 அக்டோபரில் வந்த 1.0-இல் கிரகணக் கணக்கின் துல்லியம் கூடியது, ஷோமைஸ்கை என்ற புது வானொளி மாதிரியும் வந்தது. அந்தி நிறங்களும் சூரிய கிரகணத்தில் வானம் இருளும் விதமும் அதில்தான் இயல்பாக வரும். ஆனால் அதற்கு 3.3 கட்டாயம், உங்கள் லேப்டாப்பில் விண்டோஸில் கிடைக்காது. டாப்சோனியனில் கொத்துகள் பார்ப்பவருக்கு அது பெரிய இழப்பும் இல்லை. கிரகணக் கணக்குக்காகவே மாறலாம். எஃப்10-இல் கிரகணங்கள் பக்கத்தில் 2027 ஆகஸ்ட் 2 பகுதி கிரகணத்தைச் சேலத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

வாழப்பாடி_விண்மீன்:

அந்த ஏழெட்டு நிமிடத் தாமதத்துக்குக் காரணம்: சாஃப்ட்வேரில் உங்கள் இடம் சென்னையாக இருக்கிறது. நெட்வொர்க்கிலிருந்து இடம் எடுக்கும் வசதி, மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் பக்கத்துப் பெருநகரத்தையே காட்டும். சென்னைக்கும் ஏற்காட்டுக்கும் தீர்க்கரேகையில் 2 பாகைக்குச் சற்று அதிகம், பாகைக்கு 4 நிமிடம். கணக்கு சரியாகிவிட்டதா? எஃப்6-இல் அந்த டிக்கை எடுத்துவிட்டு 11°46′30″ வடக்கு, 78°12′30″ கிழக்கு, உயரம் 1500 மீட்டர் என்று கையால் கொடுங்கள். நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா. கடைசியில் 'இதையே இயல்பு இடமாக வை' என்பதை மறந்தால் அடுத்த முறை திரும்பச் சென்னைக்கே போய்விடும்.

மாறுவதற்கு முன் ஆப்டேட்டா, ரோமிங் உள்ளே இருக்கும் ஸ்டெல்லேரியம் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வையுங்கள் (மறைந்த ஃபோல்டர், ஹிடன் ஐட்டம்ஸ் டிக் செய்தால்தான் தெரியும்). கண்ணருகு வில்லை விவரம், நிலக்காட்சிகள், புக்மார்க் எல்லாம் அங்கேதான். ஒன்று கவனம்: சிறுகோள், வால்மீன் பட்டியலின் பழைய கோப்பு அந்த ஃபோல்டரில் இருந்தால், புதுப் பதிப்பும் அதையேதான் படிக்கும். பழைய சுற்றுப்பாதை எண்களோடு வால்மீனைத் தேடினால் மாதங்கள் போகப்போக இடம் விலகும், ஏனென்றால் கோள்களின் இழுப்பை இது கணக்கில் சேர்ப்பதில்லை. சோலார் சிஸ்டம் எடிட்டர் பிளகினில் எம்பிசி (சிறுகோள், வால்மீன் சுற்றுப்பாதைகளைத் தொகுக்கும் மைனர் பிளானட் சென்டர்) தரவைச் சேலத்திலேயே இறக்கிவிட்டு மலையேறுங்கள்.

சேர்வராயன்_தெற்கு:

பதிப்பைவிட உங்கள் குறிக்கு முக்கியமான விஷயம் ஒன்று. திரையில் நட்சத்திரம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பலர் ஏ விசையை அழுத்தி வளிமண்டலத்தை அணைத்துவிடுகிறார்கள். அதோடு ஒளிமங்கலும் (காற்றால் நட்சத்திர ஒளி குறைவது) அணைந்துவிடும். ஏற்காட்டில் சிலுவையின் அடி நட்சத்திரமான ஆக்ரக்ஸ் உச்சியிலேயே 15 பாகைதான். அந்த உயரத்தில் ஒளி கடந்து வரும் காற்று தலைக்கு மேல் இருப்பதைப்போல் ஏறக்குறைய 3.8 மடங்கு. மங்கல் எண் (தலைக்கு மேல் உள்ள காற்று மட்டும் குறைக்கும் ஒளியளவு) 0.2 என்றால் முக்கால் ஒளியளவு (மாக்னிட்யூட்) குறையும், தூசி கூடிய இரவில் 0.3 என்றால் 1.1-க்கு மேல். சிலுவையின் நாலாவது நட்சத்திரம் திரையில் சாதாரணமாகத் தெரிந்தும் வானத்தில் தேட வேண்டியிருப்பது இதனால்தான். எஃப்4, வானம் பக்கத்தில் வளிமண்டலத்துக்கு அருகே உள்ள சக்கரத்தை அழுத்தி, மங்கல் எண்ணை 0.2-க்கும் 0.3-க்கும் மாற்றிப் பாருங்கள். அழுத்தம் 850 மில்லிபார் கொடுக்கலாம், ஆனால் கண்ணால் பார்ப்பவருக்கு அதில் வித்தியாசம் தெரியாது.

சாஃப்ட்வேர் சொல்லாத ஒன்றும் உண்டு. ஒளிமாசை அது எல்லாத் திசைக்கும் ஒரே அளவாகப் பரப்பும். நமக்கு அப்படி இல்லை. ஏற்காட்டிலிருந்து சேலம் தென்-தென்மேற்கே, திசைக்கோணம் சுமார் 205-இல், 14 கிலோமீட்டர் தூரத்தில் கிடக்கிறது. நகரம் அகலமானது, அதனால் வெளிச்சம் நேர்தெற்கைத் தொட்டுவிடும். சிலுவை உச்சி கடந்ததும் அந்த வெளிச்சத்துக்குள்தான் சரியும். எனவே உச்சிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பிடியுங்கள். மே நடுவில் உச்சி இரவு 9 மணி, மார்ச் நடுவில் 1 மணி. மே என்றால் கோடை மழை மேகம் குறுக்கிடும், ஆகவே மார்ச் நல்லது. லேடீஸ் சீட் பக்கம் வேண்டாம், கீழே நகர விளக்குகளையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒமேகா சென்டாரி 30 பாகை ஏறுவதால் இவ்வளவு சிரமம் தராது.

தெற்கே மரமோ மேடோ 10 பாகை மறைத்தால் அதையும் ஏற்றலாம். கூடவே வரும் ஜீரோ ஹொரைசன் நிலக்காட்சி ஃபோல்டரை நகலெடுத்துப் பெயர் மாற்றி, தொடுவானப் பட்டியலில் வரிக்கு இரண்டு எண் எழுதுங்கள்: வடக்கிலிருந்து திசைக்கோணம், அடுத்து உயரம். பத்துப் பாகைக்கு ஒரு வரி போதும். போன் திசைகாட்டியை அப்படியே நம்பாதீர்கள். அதே நேரத்துக்குச் சூரியனின் திசைக்கோணத்தை ஸ்டெல்லேரியத்தில் எடுத்து, போன் காட்டுவதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை எல்லா வரியிலும் கழித்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி_டாப்:

மிக்க நன்றி. சென்னைதான் இருந்தது, மாற்றிவிட்டேன். ஆங்கிள் மோடில் திறக்கிறது. ஆக்குலர்ஸ் பிளகினில் (கண்ணருகு வில்லையில் தெரிவதைத் திரையில் காட்டுவது) தெரியும் படமும் தொலைநோக்கியில் தெரிவதும் தலைகீழாக இருக்கிறதே?

கொண்டை_ஊசி_20:

ஆல்ட்+ஓ, தொலைநோக்கி பக்கத்தில் கிடைமட்டம், செங்குத்து இரண்டு திருப்பலையும் டிக் செய்யுங்கள். நியூட்டோனியன் படம் 180 பாகை சுழன்றிருக்கும், ஒன்றை மட்டும் போட்டால் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். 25 மி.மீ., 52 பாகை வில்லையில் 48 மடங்கு, புலம் 1.1 பாகை. ஒமேகா சென்டாரி முழுசாக அடங்கும். நகைப்பெட்டிக்கு 10 மி.மீ. போடுங்கள்.