பூவும் கடலும் கலந்த சென்ட்: கடைசியில் தர்பூசணி மணம் மட்டும் எஞ்சுவது ஏன்?

தாழம்பூ:
மல்லிகையும் அல்லியும் கடற்காற்றும் சேர்ந்தது என்று அட்டையில் போட்டிருந்த ஒரு சென்ட்டை ஆசையோடு வாங்கினேன். அடித்தவுடன் அற்புதமாக இருக்கிறது: ஈர மல்லிகை, அதன் பின்னால் உப்புக் காற்று. மதியத்துக்குள் மல்லிகை போய்விடுகிறது. மணிக்கட்டை முகர்ந்தால் தர்பூசணித் தோலும் ஏதோ உலோகமும் கலந்தாற்போல ஒரு மணம். சரக்கு கெட்டதா, போலியா, என் தோல்தான் காரணமா? மல்லிகைக்காகவே வாங்கியதால் மனம் ஆறவில்லை.

நீலாம்பல்:
கெட்டதாகவோ போலியாகவோ இருக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் அந்தத் தர்பூசணிதான் உங்கள் சென்ட்டின் கடல். வீட்டில் சிறு அளவில் மணக்கலவை செய்து பார்ப்பவன் நான். இந்த வகைமேல் எனக்குத் தீராத மோகம். ஆகவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

மல்லிகையிலிருந்து மணத்தைப் பிரித்தெடுக்கலாம், கடல்நீரிலிருந்து முடியாது. உப்புக்கு மணமே கிடையாது. கடற்கரையில் நாம் உணரும் மணத்தில் டைமெதில் சல்ஃபைடு என்ற வாயுவுக்குப் பெரும்பங்கு உண்டு. நுண்பாசிகள் உண்டாக்கும் ஒரு சேர்மத்தை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அது வெளிவருகிறது. அதைத் தனியே முகர்ந்தால் வெந்த முட்டைக்கோஸ் வாடை! கடற்பாசிச் சாறு கிடைக்கிறது. ஆனால் ஒரு துளி கூடினாலும் பாசி நெடி பூவை அமுக்கிவிடும்.

எனவே கலோன். 1966இல் ஃபைசர் நிறுவன வேதியியலாளர்கள் கண்டறிந்த செயற்கைச் சேர்மம் இது. கடற்காற்று, சிப்பி, முலாம்பழம் மூன்றும் ஒரே மூலக்கூறில் மணக்கும். 1988இல் அராமிஸ் நிறுவனத்தின் நியூ வெஸ்ட் என்ற சென்ட் அதைத் தாராளமாகப் பயன்படுத்தியது. 1992இல் ஜாக் கவாலியே உருவாக்கிய லோ திஸ்ஸே என்ற சென்ட் அதைப் பூக்களோடு சேர்த்தது. இந்த வகைக்கு என் அளவுகோல் இன்றும் அதுதான்.

இனி உங்கள் மல்லிகை. அதன் தொடக்கப் பொலிவைத் தரும் பென்சைல் அசிட்டேட் என்ற சேர்மம் சீக்கிரமே ஆவியாகிவிடும். கலோனோ முகர்தாளில் (மணத்தை முகர்ந்து பார்க்கும் காகிதப் பட்டை) நாட்கணக்கில் நிற்கும். பூ புறப்பட்டபின் கடல் மட்டும் தங்குகிறது. துணைக்குப் பூ இல்லாததால் அதன் பழமுகம் தெரிகிறது. கைதேர்ந்தவர்கள் இந்த இடைவெளியை ஹெடியோன் கொண்டு நிரப்புவார்கள். மல்லிகையின் காற்றோட்டமான பகுதியை மட்டும் எடுத்து நீட்டியது போன்ற சேர்மம் அது. உங்கள் சென்ட்டில் அது குறைவாக இருக்கலாம். அல்லது அது போதிய அளவில் இருந்தாலும், உங்கள் மூக்கு அதற்குப் பழகிவிட்டதால் தெரியாமல் போயிருக்கவும் கூடும். மதியத்தில் பக்கத்தில் இருப்பவர் ஒருவரை முகரச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது தோலில் அடித்து, அரை நாள் கழித்து முடிவெடுங்கள். கடையில் முதல் சில நிமிடங்களில் நாம் முகர்வது பெரும்பாலும் விரைந்து ஆவியாகும் பகுதியைத்தான்.

முத்துச்சிப்பி:
துணியில் அடித்துப் பாருங்கள். தோலின் சூடு இல்லாததால் பூ மெதுவாக ஆவியாகும். வெள்ளைத் துணி மட்டும் வேண்டாம், கறை படியலாம். குப்பியை வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

கரையோரம்:
நீலாம்பல் அவர்களே, கலோன் இல்லாமலும் கடல் உண்டு என்பதையும் சொல்லியிருக்கலாம். திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸின் மணத்தை நினைவூட்டும் அம்ப்ராக்ஸன் என்ற சேர்மம் இப்போது கிளாரி சேஜ் செடியில் கிடைக்கும் ஸ்கிளாரியாலிலிருந்து செய்யப்படுகிறது. வெயிலில் காய்ந்த உப்பும் மரக்கட்டையும் போன்ற மணம், பழத்தின் சாயலே இல்லை. மல்லிகைக்கு அதுவே நல்ல துணை என்பேன்.

நீலாம்பல்:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். அம்ப்ராக்ஸன் கரையைத் தரும்; அலையின் ஈரத்தைத் தராது. எனக்கு ஈரம் வேண்டும்.

தாழம்பூ:
இருவருக்கும் நன்றி. தங்கையை முகரச் சொன்னேன். மல்லிகை இன்னும் இருக்கிறது என்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை! இதைத் துணிக்கு வைத்துக்கொண்டு, அம்ப்ராக்ஸன் சேர்ந்த ஒன்றைத் தோலில் அடித்துப் பார்க்கப்போகிறேன்.