ஹுஸ்ஸார்: ‘இருபது’ பெற்ற பிள்ளையா, கொள்ளைக்காரன் வாரிசா?

கடிவாளம்:
குதிரைப்படை வீரனைக் குறிக்கும் ஆங்கில ஹுஸ்ஸார், ஜெர்மன் ஹுசார், பிரெஞ்சு உசார், போலிஷ் ஹுசாஷ் எல்லாமே ஹங்கேரிய ‘ஹுஸார்’ வழி வந்தவை. அதில் சண்டை இல்லை. ஹங்கேரியில் ‘ஹூஸ்’ என்றால் இருபது. இருபது குடியானவ நிலங்களுக்கு ஒரு வீரனைத் தர வேண்டும் என்று 1397இல் தெமெஷ்வார் நகரில் ஹங்கேரி மன்னர் சிகிஸ்முந்த் சட்டமே போட்டிருக்கிறார். ‘ஆர்’ என்றால் விலை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேர்தேடி:
சட்டம் சரி. ஆனால் அது கேட்டது வில்லாளியை. ஹுஸார் என்ற பேச்சே அதில் இல்லை. ‘இருபது விலை’ என்று எவனாவது படைவீரனுக்குப் பெயர் வைப்பானா? இடைக்கால லத்தீனில் ‘குர்ஸாரியுஸ்’ என்றால் பாய்ந்து கொள்ளையடிப்பவன். இத்தாலிய ‘கொர்ஸாரோ’வும் அதே வேர். செர்பியர் போன்ற தெற்கு ஸ்லாவியரிடம் அது குஸார், ஹுஸார் ஆனது. செர்பியனுக்கு குஸார் இன்றும் கடற்கொள்ளையன்தான். ஹங்கேரிய ஆவணங்களிலும் இச்சொல் முதலில் சூறையாடுபவனையே சுட்டுகிறது, அதுவும் மத்தியாஸ் மன்னர் 1458இல் அரியணை ஏறுவதற்கு முன்பே.

சேணம்:
இன்னொன்று. ‘ஹூஸ்’ நெடில், ‘ஹுஸார்’ குறில். கதை முடிந்தது.

வேர்தேடி:
முடியவில்லை, சேணம். நம் கட்சிக்கே அந்த வாதம் உதவாது. இருபதாவது ‘ஹுஸதிக்’, இருபத்தொன்று ‘ஹுஸொனெஜ்’. ஒட்டு சேர்ந்தால் நெடில் தானாகவே குறுகும். உண்மையான தடை வேறு: எண்ணுப்பெயரோடு ‘ஆர்’ சேர்த்து ஆளைக் குறிக்கும் வழக்கம் ஹங்கேரியில் கிடையாது.

கடிவாளம்:
குர்ஸாரியுஸில் இருந்த ‘ர்’ எங்கே போனது?

வேர்தேடி:
‘ஹுர்ஸார்’ என்ற ஸ்லாவிய வடிவத்தில் அது அப்படியே இருக்கிறது. ககரம் ஹகரமானதுதான் சங்கிலியில் நலிந்த கண்ணி, அங்கே கேளுங்கள்.

சேணம்:
போலந்தையும் பாருங்கள். 1500ஆம் ஆண்டுக் கருவூலக் கணக்கில் வரும் ஹுஸார்கள் ‘ராட்ஸ்’கள், அதாவது செர்பியர்கள். பிறகு 1576இல் மன்னரான பாத்தோரி அவர்களைக் கவசமும் நீண்ட ஈட்டியும் கொண்ட கனரகக் குதிரைப்படை ஆக்கினார். இலேசான சூறைக்காரன் பெயர் அந்தக் கனத்தைச் சுமந்தது வேடிக்கைதான்.

கடிவாளம்:
அப்படியானால் கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தை ஏன் விட்டீர்கள்? பத்தாம் நூற்றாண்டு கிரேக்கப் போர்நூலில் ‘கோஸாரியோய்’ என்ற வேவுக் கொள்ளைப்படை வருகிறதே?

வேர்தேடி:
பொருள் கச்சிதம். ஆனால் அங்கிருந்து பதினைந்தாம் நூற்றாண்டு ஹங்கேரி வரை நடுவில் ஒரு சான்று காட்டுங்கள், பேசலாம்.