ஃபேவைல்ட் போய் வந்த பார்ட்டி, டைஸில் 20: ஞாயிறுக்குள் வழி சொல்லுங்கள்

வேலந்தாவளம்_டிஎம் (வெள்ளி இரவு 10.50)
அவசரம். ஞாயிறு மதியம் செஷன். டைஸ் உருட்டிக் கதை ஆடும் ரோல்பிளே கேம், நான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். எங்கள் பார்ட்டி (பிளேயர்களின் கேரக்டர் கூட்டம்) ஃபேக்கள் என்ற மாயத் தேவதைகளின் உலகமான ஃபேவைல்டுக்குள் போய்விட்டுப் போன வாரம் வெளியே வந்தது. நேர மாற்ற அட்டவணைக்கு எல்லோர் முன்னாலும் டைஸ் உருட்டினேன், 20 விழுந்தது, உள்ளே போன நாட்கள் வெளியே வருடங்களாகிவிட்டன. இப்போது வெளியே நின்ற கேரக்டரை என்ன செய்வது? அவளுடைய பிளேயர் மனசு ஒடிந்து போயிருக்கிறாள். இனி வரலை என்று குரூப்பில் போட்டுவிட்டாள். ரூல்படி இதை மாற்ற வழி உண்டா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆழியாறு_ஆர்ச்சர்
எந்த கேம், எந்தப் பதிப்பு? பாத்ஃபைண்டர் என்றால் ஃபேக்கள் இருப்பது ஃபர்ஸ்ட் வேர்ல்டில், அது வேறு கதை. டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்றால் 2014 நூலா, 2024 நூலா? உள்ளே எத்தனை நாள் இருந்தார்கள்? எத்தனை பேர் போனார்கள்? இதெல்லாம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

கொல்லங்கோட்டுக்_கரிம்பனை
உள்ளே போகும்போது கையில் இரும்பு இருந்ததா? ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கதைகளில் ஃபேக்களின் குன்றுக்குள் போகிறவன் வாசலில் ஒரு கத்தியைக் குத்தி வைத்துவிட்டுத்தான் போவான். இரும்பு இருக்கும்வரை கதவு மூடாது. நம் பக்கம் யட்சிக்கும் இதே மருந்துதான், ஆணி அடித்தால் அடங்கிவிடுவாள். யாராவது வாசலில் ஒரு கத்தியை விட்டுப் போனதாக வைத்துக்கொண்டால் நேரம் நழுவவே இல்லை என்று முடித்துவிடலாம்.

பழைய_பகடை
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார்கள். அட்டவணையை மட்டும் படமெடுத்து வைத்துக்கொண்டு அதற்கு மேலே உள்ள பத்தியைப் படிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு நாளாவது உள்ளே இருந்துவிட்டு வெளியே வரும்போது, கேம்பெய்னுக்குப் பொருந்துகிற நேர மாற்றத்தை டிஎம் தானே தேர்ந்தெடுக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம், அல்லது உருட்டலாம். உருட்டியே ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. 7 முதல் 13 வரை விழுந்தால் எந்த மாற்றமும் கிடையாது. 14 முதல் 17 வரை நாட்கள் வாரங்களாகும், 18, 19 என்றால் மாதங்கள், 20 என்றால் வருடங்கள். அத்தனை பேர் முன்னால் உருட்டிய பிறகு அதை மாற்றக் கூடாது. அதைத் திருப்ப விஷ் ஸ்பெல் (கேட்டதை நடத்தித் தரும் மந்திரம்) வேண்டும், அது ஒன்பதாம் நிலை. உங்கள் பார்ட்டிக்கு எட்டாது. அவ்வளவுதான்.

வேலந்தாவளம்_டிஎம்
ஐந்தாம் பதிப்பு, 2014 நூல். உள்ளே நாலு நாள். மூன்று பேர் போனார்கள். லெவல் 6. அவள் மட்டும் வெளியே.

ஆழியாறு_ஆர்ச்சர்
அப்படியென்றால் வெளியே நாலு வருடம் ஓடிவிட்டது. அவள் ஏன் வெளியே நின்றாள்? கதைப்படியா, அல்லது அன்றைக்கு அவளால் வர முடியவில்லையா? ஞாபகச் சோதனையும் வைத்தீர்களா? ஃபேவைல்டை விட்டு வரும்போது டிசி 10 விஸ்டம் சேவ் (டைஸ் உருட்டி 10-ஐ எட்ட வேண்டிய சோதனை) என்று ஒரு விருப்ப விதி உண்டு. தோற்றால் அங்கே நடந்தது எதுவும் நினைவிருக்காது. எல்ஃப்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கொல்லங்கோட்டுக்_கரிம்பனை
இரும்பைப் பற்றி யாருமே பதில் சொல்லவில்லையே.

பழைய_பகடை
ஐந்தாம் பதிப்பில் ஃபேக்களுக்கு இரும்பு பயம் கிடையாது. பழைய 3.5 பதிப்பில் சாடிர், ட்ரையட் போன்ற ஃபேக்களைக் கோல்டு அயர்ன் (குளிர் இரும்பு) ஆயுதத்தால்தான் முழுதாகக் காயப்படுத்த முடியும், மற்ற ஆயுதம் என்றால் ஒவ்வொரு அடியிலும் 5 குறையும். இப்போதைய நூலில் அது இல்லை. மேலும் யட்சியை இதில் இழுக்காதீர்கள். அவள் பனைமரத்தில் இருக்கிற தனி ஆள், ராத்திரி வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்பாள். ஃபேக்களுக்கு உலகம் உண்டு, சபை உண்டு. சம்மர் கோர்ட்டுக்கு டைட்டானியா, க்ளோமிங் கோர்ட்டுக்குக் காற்றுக்கும் இருளுக்கும் அரசி. யட்சிக்கு என்ன கோர்ட்?

மீனாட்சிபுரம்_மந்திரி
ஏட்டா, யட்சர்களுக்குக் குபேரன் ராஜா, அளகாபுரி தலைநகர். இதைவிட என்ன கோர்ட் வேண்டும்? பனைமரத்து யட்சியை மட்டும் பார்த்துவிட்டு அவர்களுக்கு ஊரே இல்லை என்று சொல்லக்கூடாது.

கொல்லங்கோட்டுக்_கரிம்பனை
அதேதான். மலம்புழா அணைப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்த யட்சி சிலைக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். சுண்ணாம்பு கேட்கிற பேய் மாதிரியா இருக்கிறது? மலையைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும் விதமே தனி. ஒரு ஆர்ச்ஃபேயை (ஃபேக்களில் பெரிய ஆளை) வர்ணிக்கச் சொன்னால் நான் அதைத்தான் வர்ணிப்பேன்.

பழைய_பகடை
சிலை நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கும் அட்டவணைக்கும் என்ன சம்பந்தம்? அளகாபுரியில் நாலு நாள் தங்கினால் வெளியே நாலு வருடம் போகும் என்று எங்காவது உண்டா?

மீனாட்சிபுரம்_மந்திரி
அளகாபுரியில் இல்லை, பிரம்மலோகத்தில் உண்டு. ககுத்மி ராஜா தன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்க அங்கே போனார். கந்தர்வர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகம் ஓடிவிட்டது. அவர் மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள், அவர்களுடைய வம்சத்தின் பேர்கூட மிச்சமில்லை. பிரம்மா அந்தக் காலத்தைத் திருப்பித் தரவில்லை. பலராமனுக்குக் கட்டிக்கொடு என்று வேறு வழி காட்டினார். டிஎம் தம்பி செய்ய வேண்டியதும் அதுதான். போன வருடங்களைத் திருப்பாமல், அவற்றுக்குப் பதிலாக என்ன தருவது என்று யோசியுங்கள்.

சித்தூர்க்காரி
யட்சி பேச்சைக் கொஞ்சம் நிறுத்துங்கள், அந்தப் பெண் கேமை விட்டே போகிறாள் என்கிறார். தம்பி, ஆர்ச்சர் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அவள் ஏன் வெளியே நின்றாள்? அவள் யாராக விளையாடுகிறாள்? உள்ளே இருந்தவர்கள் எப்படி வெளியே வந்தார்கள்? ஃபேவைல்டிலிருந்து யாரும் சும்மா வந்துவிட முடியாது, எதையாவது கொடுத்திருப்பார்கள்.

வேலந்தாவளம்_டிஎம் (சனி காலை 7.15)
அவளுக்கு அப்போது செமஸ்டர் பரீட்சை. அதனால் அவளுடைய கேரக்டரான கிளெரிக் (தெய்வ மந்திரம் போடுகிறவள்) குளக்கரையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக வைத்தோம். அந்தக் குளம்தான் வாசல். குதிரைகளுக்கெல்லாம் பேர் வைத்துக் கேரக்டர் ஷீட்டுக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறாள். ஞாபகச் சோதனையை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே வரும் வழியைக் காட்டியது சம்மர் கோர்ட்டைச் சேர்ந்த ஒரு பெரிய ஆள். பிறகு ஒரு உதவி கேட்பேன், மறுக்கக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

ஆழியாறு_ஆர்ச்சர்
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். பகடை அண்ணா சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போச்சு. விஷ் ஸ்பெல்லைப் பார்ட்டிதான் போட வேண்டும் என்றில்லை. அதே பத்தியில் இருக்கிறது: ஒரு விஷ் பத்துப் பேர் வரைக்கும் இந்த நேர மாற்றத்தை நீக்கும். பலம் வாய்ந்த சில ஃபேக்களால் அந்த விஷ்ஷைத் தர முடியும், பாதிக்கப்பட்டவர்கள் கீஸ் ஸ்பெல்லுக்கு (கட்டளைக்குக் கட்டிப்போடும் மந்திரத்துக்கு) உட்பட்டு ஒரு வேலையை முடித்துத்தர ஒப்புக்கொண்டால். உங்கள் பார்ட்டி ஏற்கெனவே சம்மர் கோர்ட்டுக்குக் கடன்பட்டிருக்கிறது. ரூல்படி இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

பழைய_பகடை
அந்த வரி எனக்கும் தெரியும். அது டிஎம் விரும்பினால்தான். கீஸ் என்றால் விளையாட்டில்லை, கட்டளையை மீறி நடந்தால் 5டி10 (பத்துப் பக்க டைஸ் ஐந்து உருட்டி வரும் அளவு) சைக்கிக் டேமேஜ். லெவல் 6 விசார்ட் (மந்திரவாதி) அதில் விழுந்துவிடுவான்.

சித்தூர்க்காரி
ரெண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் தம்பி கேட்டது ரூல் பற்றி மட்டும் இல்லை. உள்ளே போன மூன்று பேருக்கும் நாலு நாள் கதை கிடைத்தது. ஃபேக்களைப் பார்த்தார்கள், பேரம் பேசினார்கள். அவளுக்குக் கிடைத்தது குளக்கரை மட்டும். அதற்கு மேல் ஒரு டைஸ் வந்து அவளுடைய கேரக்டரின் நாலு வருடத்தை அவளைக் கேட்காமல் கடத்திவிட்டது. மனசு ஒடியாமல் என்ன செய்யும்?

அதனால் ஞாயிறு வரை காத்திராதீர்கள், இன்றைக்கே அவளைக் கூப்பிடுங்கள். அந்த நாலு வருடம் இனி அவளுடையது என்று சொல்லுங்கள். எத்தனை நாள் குளக்கரையில் நின்றாள், எப்போது நம்பிக்கை விட்டுப்போனது, விட்ட பிறகு என்ன செய்தாள், எந்தக் குதிரை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதையெல்லாம் அவளே தீர்மானிக்கட்டும். நீங்கள் அதில் கை வைக்காதீர்கள். ஞாயிறு செஷன் தொடங்கும்போது, குளத்திலிருந்து ஏறி வருகிற மூன்று பேரும் எதைப் பார்க்கிறார்கள் என்று வர்ணிப்பது அவளாக இருக்கட்டும், டிஎம் வேண்டாம். விஷ் இருக்கிறது என்ற தகவலையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். காலத்தைத் திருப்பினால் அவள் வாழ்ந்த நாலு வருடம் அழியும். எனவே அதை ஏற்பதா வேண்டாமா என்பதும் அவள் முடிவு, மற்ற மூன்று பேர் வோட்டுப் போட்டு எடுக்கிற முடிவு இல்லை.

மீனாட்சிபுரம்_மந்திரி
அக்கா சொல்வது சரி. ககுத்மி கதையில் வெளியே இருந்தவர்கள் யாரும் வாய் திறப்பதே இல்லை. உங்கள் டேபிளில் அவள் இருக்கிறாள்.

கொல்லங்கோட்டுக்_கரிம்பனை
நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த முறை வாசலில் ஒரு கத்தியைக் குத்தி வைக்க விடுங்கள். நூலில் இல்லாவிட்டாலும் டேபிள் விதியாக வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

பழைய_பகடை
டேபிள் விதி என்று சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நூலில் இருக்கிறது என்று சொன்னால்தான் வருவேன்.

வேலந்தாவளம்_டிஎம் (திங்கள்)
நன்றி. சனிக்கிழமையே பேசினேன், வந்தாள். குளக்கரையில் சத்திரம் கட்டி அதை நடத்துவதாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ரெண்டு குதிரை இருக்கிறது. விஷ் வேண்டாம் என்றுவிட்டாள். மற்ற மூன்று பேரும் பேச்சே இல்லாமல் கேட்டார்கள். வேலைக்குக் கிளம்புகிறேன், அப்புறம் எழுதுகிறேன்.

ஆழியாறு_ஆர்ச்சர்
மகிழ்ச்சி. நாலு வருடத்துக்காக அவளுக்கு லெவல் ஏற்றினீர்களா?

ஆழியாறு_ஆர்ச்சர் (வியாழன்)
டிஎம், இருக்கிறீர்களா?

சித்தூர்க்காரி
அவர் வரும்போது வரட்டும். என்னைக் கேட்டால் லெவல் ஏற்ற வேண்டாம், மற்ற மூன்று பேரும் பின்தங்குவார்கள். பிளேயர் நூலில் பயிற்சிக்கு விதி இருக்கிறது. ஒரு மொழியோ ஒரு கருவியோ கற்க 250 நாள், நாளுக்கு ஒரு பொற்காசு. நாலு வருடம் என்றால் 1,460 நாள், சத்திரத்து வருமானமும் இருக்கிறது. சில்வன் மொழியைக் கற்றுக்கொடுங்கள். ஃபேக்கள் பேசுவது அதுதான். அந்த சம்மர் கோர்ட் ஆள் கடனைக் கேட்க வரும்போது அவரோடு நேருக்கு நேர் பேசுகிறவள் அவளாக இருப்பாள்.