வீட்டில் செய்யும் புரொஜெக்டருக்கு எந்த விளக்கு, எந்த சோக்?

வணக்கம். பழைய 15 அங்குல எல்சிடி மானிட்டரின் பின்விளக்கைக் கழற்றிவிட்டு, ஃப்ரெனல் லென்ஸோடு (வளைய வரிகள் கொண்ட தட்டை லென்ஸ்) மரப்பெட்டியில் புரொஜெக்டர் செய்கிறேன். மொட்டை மாடிச் சுவரில் படம் பார்க்க ஆசை. விளக்கிலும், அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கிலும்தான் மாட்டிக்கொண்டேன்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கடைக்காரர் ஒருவர் 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கை (மைதானங்களில் எரியும் பிரகாசமான வகை) கையில் திணித்து, “எந்த சோக்கிலும் எரியும் சார்” என்றார். நான் நம்பவில்லை, விளக்கின் வாட்டுக்குப் பொருந்தாத சோக் விளக்கையே தின்றுவிடும். ஆனாலும் 400 வாட் சூட்டில் எல்சிடி பேனல் கருகிவிடுமோ என்று பயம். சென்னைப் புழுக்கம் வேறு. 250 வாட் போதுமா? 6500 கெல்வின் ஒட்டிய வெண்ணிறத்தில் கிடைக்குமா?

இக்னைட்டரோடு (விளக்கைப் பற்றவைக்கும் கருவி) செம்புச் சோக் வாங்கலாம், ஆனால் கனம், போதாததற்கு ரீங்காரம். எலக்ட்ரானிக் சோக்கில் அந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போய் வந்தால் விளக்கு ஆறும்வரை எரியாது என்பதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.