குஷன் ஷூ: நின்றால் சுகம், ஓடினால்?

விடியல்ஓட்டம்

தினசரி ஓட்டத்துக்கென்று குஷன் அதிகமுள்ள ஷூ ஒன்று வாங்கிக் கொஞ்ச நாள் ஆகிறது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், குறை ஷூவிலா என் காலிலா என்று இன்னும் பிடிபடவில்லை. போட்டுக்கொண்டு நின்றால் அப்படி ஒரு சுகம். மெதுவாக ஓடினால் முதல் மூன்று நான்கு கிலோமீட்டர் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கப்புறம் வலது காலில் மூன்றாவது, நான்காவது விரல்கள் மரத்துப்போக ஆரம்பிக்கின்றன.

நின்று லேஸைத் தளர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் தளர்ந்த லேஸோடு ஓடினால் குதிகால் உள்ளேயே ஏறி இறங்குகிறது. திரும்ப இறுக்கினால் விரல் மரக்கிறது. நீளம் போதுமானதுதான், நின்றபடி அழுத்திப் பார்த்தால் விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருக்கிறது. யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? அரை சைஸ் ஏற்றுவதா, வேறு மாடல் பார்ப்பதா?

அகலப்பாதம்

அரை சைஸ் ஏற்றாதீர்கள் தம்பி. எனக்கும் இதே விரல்கள்தான் மரத்தன. இதற்குப் பெரும்பாலும் நீளம் காரணமில்லை, அகலம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஷூவுக்குள்ளிருக்கும் இன்சோலை உருவித் தரையில் போடுங்கள். ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு அதன்மேல் ஏறி, குதிகாலைப் பின் விளிம்புக்குச் சரியாக வைத்து, முழு எடையையும் அந்தக் காலில் போட்டு நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு பார்த்தால் தெரியாது, எடை இறங்கினால்தான் பாதம் விரியும். இப்போது சுண்டுவிரல் பக்கம் குனிந்து பாருங்கள். எனக்கு அந்தப் பக்கம் சதை இன்சோலைத் தாண்டி நன்றாகவே வெளியே பிதுங்கி நின்றது. மேலே இருக்கும் மெஷ் துணி நெகிழ்ந்து கொடுப்பதால் போட்ட உடனே இது உறைப்பதில்லை. ஓட ஓடச் சூடேறிப் பாதம் உப்பும்போதுதான் துணி இரண்டு பக்கமும் நெருக்கும். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே போகும் நரம்பு இந்த நெருக்கலுக்கு லேசில் அகப்பட்டுக்கொள்ளும். ஷூவைக் கழற்றிய பிறகும் மரப்போ எரிச்சலோ நீடித்தால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சைஸ் ஏன் ஏற்றக் கூடாது என்றால், ஒரு முழு சைஸுக்கு நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும், அரை சைஸுக்கு அதில் பாதி. அகலம் அந்த அளவுக்குக் கூடாது. நமக்குத் தேவை அகலம், கிடைப்பது நீளம். கூடவே ஷூ மடியும் இடம் விரல் மூட்டுகளைத் தாண்டி முன்னால் போய்விடும், குதிகால் இன்னும் ஆடும். ஏற்கெனவே உங்களுக்கு அது ஆடுகிறது.

அகலத்துக்குத் தனி எழுத்து உண்டு. ஆண்கள் ஷூவில் டி என்பது சாதாரண அகலம், 2இ அகலம், 4இ மிக அகலம். பெண்கள் ஷூவில் பி சாதாரணம், டி அகலம். ப்ரூக்ஸ் கோஸ்ட், நியூ பேலன்ஸ் 1080, அசிக்ஸ் ஜெல்-நிம்பஸ் மூன்றுமே அகலப் பதிப்புகளில் வருகின்றன. எண் ஒன்றாக இருந்தாலும் ஷூ தைக்கும் அச்சு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே மாடலின் அடுத்த பதிப்பில்கூட மேல்துணி மாறிவிடும். அதனால் "போன தடவை வாங்கிய நம்பரே கொடுங்கள்" என்பதை நான் விட்டுவிட்டேன்.

மெதுஓட்டம்

அகலப்பாதம் அண்ணா சொன்னதை முதலில் பார்த்துவிடுங்கள். குதிகாலுக்கு ஷூவை மாற்ற வேண்டியதில்லை. மேலே கணுக்கால் பக்கத்தில், மற்ற ஓட்டைகளின் வரிசையிலிருந்து கொஞ்சம் விலகி ஒரு ஓட்டை இருக்கிறதா? பலர் அதைச் சும்மா விட்டு வைத்திருப்பார்கள்.

லேஸின் நுனியை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்திலேயே அந்தக் கடைசி ஓட்டைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். முழுக்க இழுக்காமல் விரல் நுழையும் அளவுக்கு ஒரு சிறு வளையம் நிற்கட்டும். அடுத்த பக்கமும் அப்படியே. பிறகு இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும் விட்டு, குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பின்னால் உட்காரவைத்து, கீழ்ப்பக்கமாக இழுத்துக் கட்டுங்கள். இறுக்கம் முழுவதும் கணுக்காலுக்குப் போய்விடும். விரல் பக்கத்து லேஸைத் தாராளமாகத் தளர்த்திக்கொள்ளலாம். முன்னால் தளர்வு, பின்னால் பிடிப்பு, இரண்டும் ஒரே லேஸில்.

பாதத்தின் மேல்பக்கம் எலும்பு துருத்தி அங்கே வலிக்கிறவர்களுக்கு வேறு கட்டு. அந்த இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல், ஓரமாகவே நேராக அடுத்த ஓட்டைக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

புதுக்கால்

இடையில் ஒரு கேள்வி. எனக்கும் சுண்டுவிரல் பக்கம் கடிக்கிறது. "போடப் போடப் பழகிவிடும்" என்று கடையில் சொல்லி அனுப்பினார்கள். பழகுமா?

அகலப்பாதம்

தோல் செருப்புக்கு அது சரி. ஓட்ட ஷூவுக்கு இல்லை. அடியிலுள்ள நுரை முதல் சில ஓட்டங்களில் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். கடிக்கிற இடம் கடித்துக்கொண்டேதான் இருக்கும். மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள்.

விடியல்ஓட்டம்

இன்சோலில் நின்று பார்த்தேன். வலது காலில் சுண்டுவிரல் பக்கம் பிதுங்குகிறது, இடதில் இல்லை. வலது பாதம் பெரியது என்பதே இன்றுதான் தெரியும். வளையக் கட்டும் போட்டுப் பார்த்தேன் அக்கா, குதிகால் அசையவே இல்லை! விரல் மரப்பு குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. எனவே அகலப் பதிப்புக்கு மாற்றப் போகிறேன்.

மாற்றுவதென்றால் குஷனையும் யோசிக்கலாம் அல்லவா? இன்னும் மெத்தென்று இருப்பதை எடுக்கலாமா?

பழையசோல்

மெத்தென்று என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கடையில் நாம் சோதிப்பது நிற்கும் சுகம். வாங்குவது ஓடுவதற்கு. நிற்கும்போது ஒவ்வொரு காலிலும் பாதி எடைதான். ஓடும்போது ஒற்றைக்காலில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு இறங்குகிறது. நிற்கும்போது தலையணை மேல் நிற்பது போலிருந்த நுரை அப்போது எங்கே போய் நிற்கிறது என்பதுதான் விஷயம். சில ஷூக்களில் அடிமட்டம் வரை அமுங்கிவிடும், சிலவற்றில் உள்பக்கமாகச் சாயும்.

நான் செய்வது இது. ஷூவைப் போட்டு ஒற்றைக்காலில் நின்று முழங்காலைக் கொஞ்சம் மடக்குவேன். கணுக்கால் தள்ளாடினால், எவ்வளவு சுகமாக இருந்தாலும் வைத்துவிடுவேன். பிறகு கடைக்குள்ளேயே ஆனாலும் ஒரு நிமிடமாவது ஓடிப் பார்ப்பேன். யாராவது பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். இதையெல்லாம் மாலையில் செய்வது நல்லது, பகல் முழுக்க நடமாடிய பாதம் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் பெருத்திருக்கும்.

நுரையிலும் வகை உண்டு. இவிஏ பழைய ஆள், இலேசானது, குளிரில் விறைக்கும். 2013இல் அடிடாஸ் பூஸ்ட் என்ற பெயரில் டிபியு நுரையைக் கொண்டுவந்தது. எடை அதிகம், ஆனால் குளிருக்கு அவ்வளவாக அசையாது. பந்தய ஷூக்களில் வருவது பெபா வகை, துள்ளல் அதிகம், விலையும் அதிகம். தினசரி ஓட்டத்துக்கு நல்ல இவிஏவோ அதன் கலவையோ போதும் என்பது என் கட்சி.

அடுத்து டிராப், அதாவது குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். கோஸ்ட் நெடுங்காலம் 12 மில்லிமீட்டரில் இருந்தது, நைக்கி பெகாசஸ் 10. ஹோக்கா க்ளிஃப்டன் ஒன்பதாம் பதிப்பு வரை 5, பத்தாவதில் 8 ஆக்கிவிட்டார்கள். ஆல்ட்ரா கம்பெனி ஷூக்களில் பெரும்பாலும் பூஜ்யம். டிராப் குறைந்தால் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணுக்கும் வேலை கூடும், கூடினால் முழங்கால் பக்கம் சுமை ஏறும். இதில் நல்லது கெட்டது கிடையாது. ஆனால் 12இலிருந்து ஒரே தாவாகப் பூஜ்யத்துக்குப் போய்க் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

நெடுந்தூரம்

பாத வளைவைப் பார்த்துத்தானே ஷூ எடுக்க வேண்டும்? ஈரக்காலை வைத்துத் தடம் பார்ப்பார்களே.

பழையசோல்

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்து ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வகை ஷூ கொடுத்த கூட்டத்தைவிட அவர்களுக்குக் காயம் குறைந்துவிடவில்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக், 2015இல் சக ஆய்வாளர்களுடன் எழுதிய கட்டுரையில், ஓடுபவர் தனக்குச் சுகமாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பதே காயத்தைக் குறைக்க உதவலாம் என்று முன்வைத்தார். எனக்கு அதில் பாதி உடன்பாடு. ஓடும்போது இருக்கும் சுகம் என்றால் சரி. கண்ணாடி முன்னால் நிற்கும் சுகத்தை அதோடு சேர்க்க மாட்டேன்.

நெடுந்தூரம்

ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் எல்லா ஓட்டத்துக்கும் கெட்டியான ஷூ வேண்டியதில்லை. நான் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறேன். நீண்ட மெது ஓட்டத்துக்கு மெத்தென்றது, வேகத்துக்குக் கொஞ்சம் கெட்டியானது. பொதுவாக ஒரு ஜோடிக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்பார்கள். அடி ரப்பர் தேயாமல் இருப்பதை நம்பாதீர்கள், நுரை அதற்கு முன்பே செத்துவிடும். மிட்சோலின், அதாவது நடுவிலுள்ள நுரை அடுக்கின், பக்கவாட்டில் குறுக்கே சுருக்கங்கள் விழுந்து, அமுக்கினால் திரும்ப எழும்பாமல் கிடந்தால் முடிந்தது கதை.

விடியல்ஓட்டம்

அதே மாடலில் 2இ அகலம் கிடைத்தது. பத்துக் கிலோமீட்டர் ஓடினேன், விரல்கள் மரக்கவில்லை. இடது கால்தான் இப்போது கொஞ்சம் தொளதொள என்றிருக்கிறது. அதற்கு மட்டும் தடித்த சாக்ஸ் போட்டுப் பார்க்கிறேன். இன்னொன்று: ஓட ஓட ஷூவின் நாக்கு வெளிப்பக்கமாக நழுவிப் போகிறது, லேஸ் நேராகப் பாதத்தில் பதிகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா அக்கா?

மெதுஓட்டம்

தடித்த சாக்ஸ் சரிதான், தனியாக ஒரு மெல்லிய இன்சோலை அந்தக் காலில் மட்டும் அடியில் போட்டாலும் நடக்கும். நாக்கின் நடுவில் சின்னத் துணிக் கண்ணி ஒன்று தைத்திருக்கும், பாருங்கள். லேஸ் குறுக்கே போகும்போது இரண்டு பக்கத்தையும் அதற்குள் நுழைத்து மேலே கொண்டுபோங்கள். கண்ணி இல்லாத மாடலாக இருந்தால், நாக்கை உள்பக்கமாகக் கொஞ்சம் இழுத்து வைத்துக் கட்டிவிட்டு ஓடிப் பாருங்கள், ஓடும்போது அது தானாக நடுவுக்கு வந்து நிற்கும்.