1977-க்கு முன்னால் வில்லன் பொம்மையே கிடையாதாம்!

தகரப்பெட்டி:
'ஸ்டார் வார்ஸ்' இழையில் நேற்று வேடர்பிரியன் எழுதியது இது: "வில்லன் பொம்மையைக் குழந்தைகள் கேட்டு வாங்க ஆரம்பித்ததே டார்த் வேடர் வந்த பிறகுதான். 1977-க்கு முன்னால் எல்லோருக்கும் நாயகன் பொம்மைதான் வேண்டும்." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்ததும் எரிச்சல் வந்தது. அங்கே பதில் போட்டால் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் தனி இழை.

டாலெக் என்ற பெயரையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இயந்திரக் கூட்டுக்குள் இருக்கிற வில்லன் இனம். 1963 டிசம்பர் 21, பிபிசி, டாக்டர் என்பவர் நாயகனாக வரும் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரின் இரண்டாவது கதை. அன்றைய பகுதியின் கடைசியில் திரையில் தெரிந்தது ஒரு கை மட்டும். குழாய் அடைப்பு எடுக்கிற ரப்பர் குமிழ் மாட்டிய கை. முழு உருவத்தைக் காட்டியது அடுத்த சனிக்கிழமை. கதை முடியும்போது டாலெக்குகள் ஒழிந்தே போகின்றன. ஆனாலும் பிள்ளைகள் விடவில்லை. 1964 முடிவதற்குள் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தக் கிறிஸ்துமஸுக்கு டாலெக் புத்தகம் வந்தது, டாலெக்கோடு கிறிஸ்துமஸ் கொண்டாடப் போவதாக ஒரு பாட்டுத்தட்டுகூட வந்தது. 1965-ல் சினிமா, காமிக்ஸ், உள்ளே புகுந்து நடக்கிற உடை, லூயி மார்க்ஸ் கம்பெனியின் பேட்டரி டாலெக். அந்த மோகத்துக்கு 'டாலெக்மேனியா' என்று பெயரே உண்டு. கடைக்கு வந்த பிள்ளைகள் டாக்டரைக் கேட்கவில்லை, டாலெக்கைக் கேட்டார்கள்.

அறுபது வருஷம் கழித்தும் அது விற்கிறது என்றால் காரணம் பிபிசி வடிவமைப்பாளர் ரேமண்ட் கியூசிக் வரைந்த வடிவம். நிழலைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். வேடருக்கு 14 வருஷம் முந்தி!

வேடர்பிரியன்:
எனக்காகத் தனி இழையா? நன்றி. தலைப்பில் என் பெயரையும் போட்டிருக்கலாம்.

ஒரு தீவில் சில வருஷம் நடந்த கூத்தை உலக வரலாறு ஆக்காதீர்கள். 1967-க்குப் பிறகு 1972 வரை அந்தத் தொடரிலேயே புது டாலெக் கதை கிடையாது. வேடர் அப்படியா? 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் லூகாஸ் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வணிகப் பொருள் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார். 1980-ல் 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகளைச் செய்த கென்னர் கம்பெனி, மற்ற பொம்மைகளை அடுக்கி வைக்கும் பெட்டியையே வேடரின் தலையும் மார்புமாகச் செய்தது. நாயகன் லூக்கையும் வில்லனுக்குள்ளேதான் போட்டுப் பூட்டினார்கள். எது விற்கும் என்று கடைக்காரனுக்குத் தெரியாதா?

வேடருக்கு ரால்ஃப் மக்குவாரியின் ஓவியம் இருக்கிறது, ஜான் மோலோவின் உடை இருக்கிறது, பிரையன் முயர் களிமண்ணில் செதுக்கிய முகமூடி இருக்கிறது. டாலெக்குக்கு என்ன இருக்கிறது? சாப்பாட்டு மேசையில் இருந்த மிளகுத்தூள் குடுவையைப் பார்த்து வரைந்தார்கள். ஊரறிந்த விஷயம்.

தகரப்பெட்டி:
இந்தக் குடுவைக் கதையை யாராவது எடுப்பார்கள் என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். டாலெக் செய்து கொடுத்தது ஷாக்ராஃப்ட் என்ற மாதிரி செய்யும் நிறுவனம். அங்கே பொறுப்பில் இருந்தவரோடு கியூசிக் சாப்பிட உட்கார்ந்தபோது, இந்த உருவம் எப்படி நகர வேண்டும் என்று காட்ட மேசையில் இருந்த மிளகுக் குடுவையை எடுத்து நகர்த்தினார். கால் தெரியக் கூடாது, சக்கரம் தெரியக் கூடாது, வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதைக் காட்டத்தான் குடுவை. உப்புக் குடுவை கையில் அகப்பட்டிருந்தால் அதை நகர்த்தியிருப்பேன் என்று அவரே பின்னால் சொன்னார். வடிவம் பிறந்தது ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அளவிலிருந்து. உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஓட்ட வேண்டுமே! அவரைச் சுற்றி கூடு வரைந்தார். அதனால்தான் கீழே அகலம், மேலே ஒடுக்கம்.

வேடர்பிரியன்:
ஆக, மேசையில் குடுவை இருந்தது. ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

தகரப்பெட்டி:
குடுவை இருந்தது என்பதும் குடுவையைப் பார்த்து வரைந்தார் என்பதும் ஒன்றா? போன வருஷம் காட்ஸில்லா இழையிலும் இப்படித்தான் ஒரு வாக்கியத்தின் பாதியை வெட்டி எடுத்துப் போட்டீர்கள். நான் மறக்கவில்லை.

வேடரைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்கிறேன். 1977 கிறிஸ்துமஸுக்குக் கென்னரிடம் பொம்மை தயாராக இல்லை. ஒரு அட்டை உறையையும் சீட்டையும் விற்றார்கள், அடுத்த வருஷம் தபாலில் பொம்மை வரும் என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த முதல் நாலு பொம்மை யார் யார்? லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2. வேடர் எங்கே? வில்லன் விற்பான் என்று அந்தக் கம்பெனியே அப்போது நம்பவில்லை. முன்னோடி என்கிறீர்களே, இதுவா?

கதைசொல்லி:
இரண்டு பேருமே எழுத்தாளரை விட்டுவிட்டீர்கள். டெர்ரி நேஷன் என்று ஒருவர் இருந்தார். கால் இல்லை, வட்டமான அடிப்பாகத்தில் நகரும், மனித முகச்சாயல் கிடையாது, வளையும் தண்டின் நுனியில் கண்ணாக ஒரு வில்லை, கைக்குப் பதில் இயந்திரப் பிடி. இத்தனையும் அவருடைய திரைக்கதையிலேயே இருக்கிறது. ஜார்ஜிய நடனக்காரர்கள் நீளப் பாவாடைக்குள் கால் தெரியாமல் மிதந்து போனதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை. வடிவம் பாதி எழுத்திலேயே வந்துவிட்டது. மீதி பாதிக்கு மேசையில் குடுவை இருந்தது.

தவிர, டாலெக்கின் வெறுப்புதான் பிள்ளைகளைப் பிடித்தது. தன்னைப் போல் இல்லாத எதையும் அழிக்க வேண்டும் என்கிற நாஜி வெறி. பீட்டர் ஹாக்கின்ஸும் டேவிட் கிரகாமும் கொடுத்த குரல், அதன் மேல் குரலை இயந்திரக் குரலாக்கும் ரிங் மாடுலேட்டர் கருவி. விளையாட்டுத் திடலில் ஒரு பையன் டாலெக் ஆக என்ன வேண்டும்? கையை நீட்டி அந்தக் குரலில் கத்தினால் போதும், பொம்மையே வேண்டாம்.

தகரப்பெட்டி:
பொம்மையே வேண்டாமாம். பொம்மை ஏன் விற்கிறது என்ற இழையில் வந்து சொல்கிறார்!

கதைசொல்லி, நீங்கள் தொட்டது எனக்கு வலிக்கிற இடம், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். நேஷன் பிபிசிக்கு வெளியிலிருந்து எழுதியவர். அவருடைய முகவர் பெரில் வெர்ட்யூ கெட்டிக்காரர், ஒப்பந்தத்தில் உரிமைப் பங்கைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு டாலெக் பொம்மைக்கும் நேஷனுக்குக் காசு போனது. கென்ட்டில் பெரிய மாளிகை வாங்கினார். கியூசிக் பிபிசியின் மாதச் சம்பளக்காரர், அவர் வரைந்தது நிறுவனத்துக்குச் சொந்தம். இத்தனை வியாபாரம் நடந்த பிறகு நன்கொடை மாதிரி அவருக்குக் கொடுத்தது 100 பவுண்டு. நூறே நூறு. அவர் 2013-ல் இறந்தார். உலகத்தில் எந்தக் கடையில் டாலெக்கைப் பார்த்தாலும் எனக்கு அந்த நூறு பவுண்டுதான் ஞாபகம் வரும்.

'வட்ட அடிப்பாகம், ஒரு வில்லை' என்று நாலு வரி யாரும் எழுதலாம். அந்த நாலு வரியை நூறு பேரிடம் கொடுத்தால் நூறு விதமாக வரும், அதில் தொண்ணூற்றொன்பது தகர டப்பாவாகத்தான் இருக்கும். அரைக்கோளக் குமிழ்களை வரிசையாக அடுக்கியது யார்? சாய்ந்த பாவாடைப் பலகைகள்? தலைக்கும் தோளுக்கும் நடுவே அந்தக் கம்பி வளையங்கள்? எழுத்தில் காட்டுங்கள். 1999-ல் பிரிட்டன் தபால்துறையான ராயல் மெயில் தபால்தலை போட்டபோது டாக்டரின் முகத்தைப் போடவில்லை, டாலெக்கைப் போட்டார்கள்.

கதைசொல்லி:
தபால்தலைக்கும் மிளகுக் குடுவைக்கும் என்ன சம்பந்தம்?

தகரப்பெட்டி:
குடுவையை விடுங்கள் என்று நானா நீங்களா சொல்ல வேண்டும்?

நிலா_அம்மா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'வில்லன்' என்று யாரைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீராதா? வேடர் கடைசியில் மனம் மாறுகிறார். டாலெக் ஒரு தனி ஆளே இல்லை, ஓர் இனம். என் பையன் அந்தத் தொடரை ஒரு நாளும் பார்த்ததில்லை, ஆனால் டாலெக் சாவிக்கொத்தைப் பையில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். அவனுக்கு அது வில்லன் என்றே தெரியாது.

வேடர்பிரியன்:
பாருங்கள், வில்லன் என்றே தெரியவில்லையாம். மிளகுக் குடுவை என்று நினைத்திருப்பான். வேடரைப் பார்த்த எந்தக் குழந்தையும் அப்படிக் கேட்காது.

நிலா_அம்மா:
என் பையனை ஏன் இழுக்கிறீர்கள்? நான் கேட்டது வேறு.

பொம்மைக்கடை:
வியாபாரம் தெரிந்தவனாகச் சொல்கிறேன், இரண்டு பேருமே தப்பு. சேகரிப்பவர்கள் உயிரை விடுவது 'ஸ்டார் வார்ஸ்' கூலி வேட்டைக்காரன் போபா ஃபெட்டுக்கு. 1980 படத்தில் அவன் பேசுவது நாலே வசனம். படம் வருவதற்கு முந்தின வருஷமே, பொம்மை அட்டைகளிலிருந்து வெட்டிய நாலு அத்தாட்சிச் சீட்டு அனுப்பினால் தபாலில் வந்தான். முதுகிலிருந்து ஏவுகணை பாய்வதாக விளம்பரம் செய்துவிட்டு, குழந்தை தொண்டையில் சிக்கும் என்ற பயத்தில் அதை நிறுத்தி, ஏவுகணையை ஒட்டியே அனுப்பினார்கள். பாயும் மாதிரிகள் சில மட்டும் தப்பின. 2024-ல் அதில் ஒன்று ஏலத்தில் 5 லட்சம் டாலருக்கு மேல் போனது. கடைக்கே வராத பொம்மை! கதையும் வேண்டாம், வடிவமும் வேண்டாம். அரிதாக இருந்தால் விற்கும். அதனால்தான் சொல்கிறேன், பெட்டியைப் பிரிக்காதீர்கள்.

தகரப்பெட்டி:
வந்துவிட்டார். பெட்டியைப் பிரிக்காதே என்று உபதேசம் செய்கிறவர், முன்பு ஒரு மறுபதிப்பு டாலெக்கை 'அறுபதுகளின் அசல்' என்று இதே குழுவில் விற்கப் பார்த்ததை நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைக்கிறாரா? அடியில் திருகாணியைப் பார்த்தே நான் கண்டுபிடித்தேன்.

பொம்மைக்கடை:
அசல் என்று நான் எழுதவே இல்லை, 'அசல் அச்சு' என்று எழுதினேன். அந்த இழை இன்னும் இருக்கிறது. பொம்மையைப் பிரித்துத் தரையில் உருட்டி விளையாடுகிறவருக்கு விலை என்ன தெரியும்?

நிலா_அம்மா:
பொம்மை என்றால் விளையாடத்தானே?

பொம்மைக்கடை:
இல்லை.

கரிசல்:
1961-லேயே அரோரா கம்பெனி ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரியாக விற்றது. டாலெக்குக்கும் முந்தியது. இது ஏன் யார் கணக்கிலும் வரவில்லை?

தகரப்பெட்டி:
அது பேய்ப்பட வகை. அறிவியல் புனைவு இல்லை.

கரிசல்:
பிணங்களைச் சேர்த்துத் தைத்து ஆய்வுக்கூடத்தில் உயிர் கொடுக்கிற கதை அறிவியல் புனைவு இல்லையா?

வேடர்பிரியன்:
இதில் மட்டும் தகரப்பெட்டி பக்கம் நான். ஃபிராங்கன்ஸ்டைன் வேண்டாம். ஆனால் அந்தப் பூதம் குடுவையைப் பார்த்துச் செய்ததில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மட்டுறுத்துநர்:
பழைய விற்பனைத் தகராறை இங்கே இழுக்க வேண்டாம். தலைப்புக்குள் நில்லுங்கள்.

தகரப்பெட்டி:
தலைப்புக்குள்தான் நிற்கிறேன், என்னைத் தவிர யாரும் நிற்கவில்லை.

வடிவம்தான் விற்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி தருகிறேன். 2010-ல் டாலெக்கை மாற்றினார்கள். பெரிதாக, முதுகு புடைத்து, சிவப்பு, வெள்ளை, நீலம், ஆரஞ்சு, மஞ்சள் என்று ஐந்து நிறத்தில் விட்டார்கள். எழுத்து அதே எழுத்து, வெறுப்பு அதே வெறுப்பு, குரல் அதே குரல். பொம்மை விற்கத்தான் ஐந்து நிறம் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். சீக்கிரமே பழைய வெண்கல நிற டாலெக் முன்னுக்கு வந்துவிட்டது. கதைசொல்லி சொல்கிற மாதிரி எழுத்துதான் விற்கிறது என்றால் அந்த ஐந்தும் ஏன் நிற்கவில்லை? கியூசிக்கின் அளவைத் தொட்டார்கள், கெட்டுப்போனது.

கதைசொல்லி:
அந்தக் கதையே சுமார் என்று வையுங்கள், வடிவத்தின் மேல் ஏன் பழி? தவிர, 2005-ல் டாலெக்கைத் திரும்பக் கொண்டுவர நேஷனின் வாரிசுகளிடம் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது. கியூசிக்கிடம் யாரும் போகவில்லை. உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில் உங்களுக்கு ஏதாவது புரிகிறதா?

தகரப்பெட்டி:
உரிமை யாரிடம் என்பது சட்டம். யார் செய்தார் என்பது உண்மை. அநியாயத்தையே அத்தாட்சியாகக் கொண்டுவருகிறீர்கள்!

பொம்மைக்கடை:
சட்டம் என்றதும் ஞாபகம் வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வில்லன் பக்கத்துச் சிப்பாய்களான ஸ்டார்ம்ட்ரூப்பர்களின் தலைக்கவசத்தை 1976-ல் செய்துகொடுத்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் பின்னாளில் அதையே தானாகச் செய்து விற்றார். லூகாஸின் பட நிறுவனமான லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. 2011-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், தலைக்கவசம் சிற்பம் ஆகாது, படத்துக்கான உபகரணம் என்று சொல்லிவிட்டது. செய்தவன் கை எங்கேயாவது ஜெயித்தது என்றால் அங்கேதான். தகரப்பெட்டிக்கு இது பிடிக்க வேண்டுமே?

தகரப்பெட்டி:
பிடிக்கிறது. உங்கள் வாயிலிருந்து வந்ததுதான் பிடிக்கவில்லை.

வேடர்பிரியன்:
சிற்பமே இல்லை என்று நீதிமன்றம் சொன்னது உங்களுக்குப் பிடிக்கிறதா? அப்படியானால் டாலெக் என்ன? அதுவும் உபகரணம்தானே? மேசை உபகரணம்.

கரிசல்:
ஃபிராங்கன்ஸ்டைனுக்கு இன்னும் பதில் வரவில்லை.

நிலா_அம்மா:
எனக்கும்தான்.

தகரப்பெட்டி:
மேசை உபகரணம் என்று எழுதியவருக்கு மட்டும் பதில். மிளகுக் குடுவையில் நாற்காலி வைத்து ஆள் உட்கார முடியாது. டாலெக்கில் உட்கார்ந்தார்கள். முதல் கதைக்குச் செய்தது நாலே நாலு, கூட்டமாகக் காட்டப் பின்னால் புகைப்பட அட்டைகளை நிறுத்தினார்கள். அந்த நாலுக்குள்ளும் ஆள் உட்கார்ந்து, காலால் தள்ளி, கண் தண்டைத் திருப்பி நடித்தார்கள். அளவு, சாய்வு எல்லாம் அந்த ஆளுக்காக வந்தது. குடுவைக்காக இல்லை. இனிமேல் இந்தக் குழுவில் யார் குடுவை என்று எழுதினாலும் இந்தப் பதிலையே வெட்டி ஒட்டுவேன்.

வேடர்பிரியன்:
குடுவை.

தகரப்பெட்டி:
மேசை உபகரணம் என்று எழுதியவருக்கு மட்டும் பதில். மிளகுக் குடுவையில் நாற்காலி வைத்து ஆள் உட்கார முடியாது. டாலெக்கில் உட்கார்ந்தார்கள்...